பேசாமல் இருப்பது பற்றி மகள் எழுதிய ஆய்வேடு

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "பொண்ணு இன்னா படிக்குது?" மானுடவியல் என்பேன். பிறகு, "அது டாக்டருக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "படிச்சா இன்னா வேலை குடுப்பாங்க?" என்பார்கள். எனக்கும் தெரியாது.

நியூசிலாந்துக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஹாமில்டன் நகருக்கு வெளியே ஒரு பால் பவுடர் ஆலையில் பாய்லர் பார்த்துக்கொள்கிறேன். நீராவி அழுத்தம் ஏறினால் ஏன் ஏறியது, இறங்கினால் ஏன் இறங்கியது என்று சொல்லிவிட முடியும். மனிதர்கள் அப்படி இல்லை. இந்த ஊர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் "யே... நா" என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம், இல்லை, இரண்டும் ஒரே மூச்சில். வந்த புதிதில் என் மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டபோது "யே, நா" என்றார். முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். லீவு இல்லை என்பதுதான் அவர் சொன்னது. இன்றும் எனக்கு அந்தக் குழப்பம் தீரவில்லை. என் மகள் இனியா அதே பேச்சோடு வளர்ந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்றால் அவளும் "யே, நா" என்கிறாள்.

போன அக்டோபரில் இனியா தன் ஆனர்ஸ் ஆய்வேட்டை முடித்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களைப் பற்றியது. என்னையும் என் அண்ணனையும் பற்றியும்தான். அதைப் பற்றி ஊருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. என்ன சொல்வது என்றுதான் தெளிவாக இல்லை.

2

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டாள்.

"அப்பா, 'பேச்சு இல்ல'ன்னா கரெக்டா என்ன?"

வசந்தி, என் மனைவி, சாம்பார்க் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வழிகாட்டும் பேராசிரியை இனியாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்து வீட்டில் காதில் விழுந்துகொண்டே இருந்து, யாரும் உனக்கு விளக்கிச் சொல்லாத சொல் எது? இனியா யோசித்துவிட்டு, "அவங்க கூட நமக்குப் பேச்சு இல்ல" என்று தமிழிலேயே சொன்னாளாம். வசந்தி விழுப்புரத்திலிருக்கும் தம்பி சேகரோடு போனில் பேசும்போதெல்லாம் இந்த வாக்கியம் வரும். யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, யாருக்கு மறுபடியும் பேச்சு வந்தது என்பதுதான் பாதிச் செய்தி. அதில் முதல் வரிசையில் இருந்தது என் அண்ணன் ஏழுமலை.

பேராசிரியை அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். இனியா என்னிடம் கேட்டாள். எனக்கு வரவில்லை. இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவர், தன் சகோதரனோடு பேசி ஆறேழு வருடம் ஆயிற்று என்று சாதாரணமாகச் சொல்வார். கோபம் ஒன்றுமில்லை, அப்படியே விட்டுப்போய்விட்டது என்பார். நம் ஊரில் விட்டுப்போவது என்பதே கிடையாது. பேசாமல் இருப்பது அங்கே தினமும் செய்யவேண்டிய வேலை. எதிரில் வருகிறவரைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போகவேண்டும். கல்யாணத்தில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் நாம் அடுத்த பந்திக்குக் காத்திருக்கவேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் அதை நாலு பேர் மூலமாகத் தெரிந்துகொண்டு தெரியாததுபோல இருக்கவேண்டும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல இனியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு போனில் குறித்துக்கொண்டாள்.

"சூப்பர்ப்பா. இதுதான் என் டாபிக்."

"எந்தக் குடும்பத்தை வேணா எழுது. நம்ம குடும்பம் வேண்டாம்."

"யே, நா" என்றாள்.

3

பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனிதர்களிடம் கேள்வி கேட்கப் போகிற மாணவர்கள் எல்லோரும் அதன் அனுமதியை வாங்கவேண்டும். இனியாவின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பேசாமல் இருக்கிறவர்களைப் பேசவைத்தால் அவர்கள் மனது புண்படாதா என்று முதல் தடவை கேட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் தெரிந்துகொண்டால் சண்டை வராதா என்று இரண்டாம் தடவை. சண்டை ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால்தான் ஆய்வு என்று பதில் எழுதலாமா என்றேன். இனியா சிரிக்கவில்லை.

கடைசியில் அனுமதி கிடைத்தது. பங்கேற்பவர்கள் கையெழுத்துப் போடவேண்டிய ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு. "பங்கேற்பாளர்" என்று எழுதிப் பார்த்தேன். பட்டிமன்றம் மாதிரி இருந்தது. "நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. அதை மட்டும் ஒரே முறையில் சரியாக மொழிபெயர்த்துவிட்டேன்.

டிசம்பரில் இனியா விழுப்புரம் போய் சேகர் வீட்டில் தங்கினாள். சேகருக்கு ரயிலடிப் பக்கம் செல்போன் கடை. காலையில் அக்கா மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது விட்டுவிட்டுக் கடை திறப்பான். வளவனூரில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பேசாமலிருக்கும் அண்ணன் தம்பி. கண்டமங்கலத்தில் அக்கா தங்கை இருவர். தினமும் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அக்கா டிக்கெட் எடுப்பாள், தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். "டிக்கெட் எடுக்கறது பேச்சுல சேராது" என்று அக்கா சொன்னாளாம். இனியாவுக்கு ஒரே சந்தோஷம். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் வந்து சொல்வாள். அவளுடைய தமிழில் ஊர்ச் சொற்கள் ஏறிக்கொண்டே வந்தன. ஒரு நாள் வசந்தியைப் பார்த்து "இன்னாம்மா, தூங்கிக்கினு இருந்தியா?" என்றாள். வசந்தி அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் சேகர் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"மாமா, ஒரு பேஜாரு ஆயிப்போச்சு. இனியா காலைல திண்டிவனம் பஸ் ஏறிட்டா. என்னாண்ட சொல்லல. உங்க அண்ணன் வூட்லேர்ந்துதான் போன் பண்றா."

நான் ஆலையில் இருந்தேன். பாய்லர் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று வெளியே வந்து திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னான்.

"திட்டி அனுப்பிட்டாரா?"

"இல்ல மாமா. நாலு நாள் தங்கிட்டு வர்றேன்னு சொல்லுது. அங்க கேப்பைக்கூழு குடிச்சிக்கினு இருக்குது."

4

அண்ணனுக்கும் எனக்கும் ஏன் பேச்சு நின்றது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அண்ணன் மகள் செல்வி கல்யாணப் பத்திரிகை. சேகர் அதைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். தாய்மாமன் பெயர், அத்தை மாமா பெயர்கள், ஒன்றுவிட்ட பெரியப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். சித்தப்பா என்ற இடத்தில் என் பெயர் இல்லை. சித்தப்பா என்ற இடமே இல்லை. லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் அதை மூடிவிட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பதினைந்து வருடங்களாக எனக்கு இந்தக் கதையில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

பிப்ரவரியில் இனியா திரும்பி வந்தாள். கறுத்து, கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை ஆரம்பித்தது. மற்ற எல்லாவற்றையும் அவளே திக்கித் திணறிச் செய்துவிட்டாள். அண்ணன் பேச்சு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. வேகம், பாதி வார்த்தையை விழுங்கும் பழக்கம். அந்தப் பதிவில் அவள் எழுதிவைத்திருந்த ஒரு பகுதியைக் காட்டினாள். பெரியப்பா தானே சண்டையை ஒப்புக்கொண்ட இடம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தாள். கேட்டுப் பார்த்தேன். "தம்பி அந்த வருசம் வந்தப்ப நானு மல்லாட்டை போட்டுக்கினு இருந்தேன்" என்றது குரல். அவள் அகராதியில் தேடி, மல்லாடுவது என்றால் சண்டையிடுவது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"இனியா, அது வேர்க்கடலைம்மா. கடலை விதைச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்றார்."

ஒரு பக்கம் போயிற்று. அவளுக்கு அழுகை வந்து, பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் நான் எழுத்தாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வெளி ஆளிடம் கொடுப்பதென்றால் குழுவிடம் மறுபடியும் அனுமதி. அப்பாவே என்றால்? அதற்கும் அனுமதிதான். அதோடு பெரியப்பாவின் சம்மதமும் வேண்டும். சேகர் போய்க் கேட்டான். "அவன் கேட்டா கேட்டுக்கினு போறான்" என்று பதில் வந்தது. பதிவில் கேட்கும் எதையும் யாரிடமும், குடும்பத்தினரிடமும்கூட, சொல்லமாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் நான் என் மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். (இப்போது எழுதலாமா என்று அவள் மூலம் அண்ணனைக் கேட்டாயிற்று. "எழுதட்டும், ஊருக்கே தெரிஞ்ச கததான" என்றாராம்.)

சனிக்கிழமை மத்தியானம் காரை வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்குள் கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே தூறல். முதலில் மோட்டார் ஓடும் சத்தம், ஒரு நாய். பிறகு அண்ணன். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அப்பாவின் குரல் மாதிரி ஆகிவிட்டது. ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படிக்கிறார். "'காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.' இதத் தமிழ்ல எழுதினது யாரு? உங்க அப்பனா?"

"ஆமா பெரியப்பா."

"அதானே பாத்தேன்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் கேட்கிறாள், பேச்சு எப்போது நின்றது என்று. பத்திரிகை வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எங்க அப்பா செத்து மூணாம் நாளு வந்தான் உங்க அப்பன். சரி, ஏரோபிளேன்ல வரணும், அவன் இன்னா பண்ணுவான். அதுல எனக்கு ஒண்ணும் கெடையாது. கருமாதி வரிக்கும் இருந்தான். ஆனா எங்க இருந்தான்? திண்டிவனத்துல லாட்ஜுல. காலைல காரு வெச்சிக்கினு வருவான். பொழுது சாஞ்சா பூடுவான். விருந்தாளி மாரி. 'இன்னா ஏழுமலை, தம்பி உன் வூட்ல தங்கமாட்டானா'ன்னு ஊர்ல கேக்காத ஆளு இல்ல. அவனுக்குன்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சி வெச்சிருந்தேன். அன்னிக்கு நிறுத்துனேன் பேச்ச."

பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா இறந்தது செல்வி கல்யாணத்துக்கு முந்திய வருடம். இடையில் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஊருக்குப் போன் செய்தேன். அஞ்சலை அண்ணிதான் எடுப்பார். "அண்ணன் மோட்டார் போடப் போயிக்கிறாரு தம்பி." "இப்பத்தான் செத்த கண்ணசந்தாரு." "சந்தைக்குப் போயிக்கிறாரு." நான் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வைத்துவிடுவேன். எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்திருந்தேன். ஒரு வருடம் என் அண்ணன் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார், எனக்கே தெரியாமல். இதை எந்தக் கணக்கில் வைப்பது? நான் பேசிக்கொண்டிருந்த ஆளுக்கு என்னோடு பேச்சு இல்லை என்றால், அப்போது நான் பேசியது என்ன?

5

லாட்ஜ் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. வந்து இறங்கிய முதல் ராத்திரியே அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. வீடு முழுக்க உறவுக்கூட்டம், பின்கட்டில் விறகடுப்புப் புகை. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர், பிள்ளையைப் புகையிலும் தூசியிலும் வைக்காதீர்கள் என்றார். அதனால் டாக்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். இதை அண்ணியிடம் சொன்னேன். சொன்னது உறுதியாக ஞாபகம் இருக்கிறது. மாடி அறைக்கு வெள்ளையடித்த கதை எனக்குத் தெரியாது. வெள்ளையடித்திருந்தாலும் அந்த வாசனைக்கே குழந்தைக்கு இழுத்திருக்கும்.

காரிலிருந்து உள்ளே போனதும் வசந்தி கேட்டாள். "என்னங்க, என்ன சொல்றார்?"

"சொல்லக்கூடாது."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் யாரோவா?"

"படிவத்துல குடும்பத்தினர் உள்படன்னு இருக்கு."

வசந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காப்பி வரும், சாப்பாடு வரும், மதிய உணவுப் பெட்டி வாசலில் இருக்கும். மூன்றாம் நாள் இனியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை நான் எழுதலாமா?" என்று கேட்டாள். வசந்தி வீசிய கரண்டி அவள் மேல் படவில்லை.

இனியாவிடம் அதற்குப் பிறகு பல நாள் வாதாடினேன். பெரியப்பா சொல்வதுதான் ஆரம்பமா, நான் சொல்வதா? நீ படித்தவள், எல்லோரையும் விசாரித்துவிட்டாய், எது சரி என்று எழுது. அவள் மறுத்துவிட்டாள்.

"எது உண்மைன்னு கண்டுபிடிக்கறது என் கேள்வி இல்லப்பா. யாரு எங்க ஆரம்பிக்கறாங்கன்னுதான் நான் பாக்கறேன்."

"பாய்லர் ஒண்ணு நின்னுபோச்சுன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் வால்வுங்கறான், ஒருத்தன் பம்புங்கறான். ரெண்டையும் எழுதி வெச்சுட்டு வீட்டுக்குப் போனா ஆலை ஓடுமா?"

"இது ஓடணும்னு யாருப்பா சொன்னாங்க?"

அவள் அண்ணியிடமும் கேட்டிருக்கிறாள் என்பது பின்னால் தெரிந்தது. அண்ணியின் கதை வேறு. லாட்ஜும் இல்லை, பத்திரிகையும் இல்லை. கருமாதி அன்று வசந்தி பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டாளாம், சாப்பிடாமல். வசந்தியைக் கேட்டால், குழந்தை அழுதது, அதனால் எழுந்தேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறாள். ஒரு சண்டைக்கு மூன்று ஆரம்பம். இனியா அந்த இயலுக்கு வைத்த தலைப்பே அதைப் பற்றியதுதான். பேராசிரியை அதைப் பாராட்டினாராம். எனக்குத் தலை சுற்றியது.

ஆய்வேட்டில் எல்லோருக்கும் பெயர் மாற்றவேண்டும். என்ன பெயர் வேண்டும் என்று அவரவரையே கேட்பது அவள் வழக்கம். வளவனூர்க்காரர் ஒருவர் தன் சாமி பெயரைக் கேட்டிருக்கிறார். அஞ்சலை அண்ணி "மகாலட்சுமின்னு போடும்மா" என்றிருக்கிறார். அண்ணனைக் கேட்டதற்கு, அவர் யோசிக்கவேயில்லை. பதிவில் இருக்கிறது.

"பாண்டுன்னு போடு."

பாண்டு என்பது என் பெயர். இனியா, அது அப்பா பேராச்சே என்கிறாள். "தெரியும், போடு" என்கிறார். பேராசிரியை அனுமதிக்கவில்லை. உண்மையான ஒருவரை அடையாளம் காட்டிவிடும் என்று காரணம் சொன்னார். வேறு ஏதோ பெயர் போட்டார்கள். அண்ணன் அதை ஏன் சொன்னார்? கிண்டலா? என் பெயரில் நான் மாட்டிக்கொள்ளட்டும் என்றா? இல்லை, வேறு எதுவும் வாயில் வரவில்லையா? அந்தப் பத்து நொடியை மட்டும் நிறைய தடவை கேட்டிருக்கிறேன். குரலை வைத்து ஒன்றும் சொல்லமுடியவில்லை.

6

ஒப்படைக்கும் முன் ஒரு கடைசிச் சடங்கு. பங்கேற்றவர்களைப் பற்றி எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கவேண்டும். இனியா ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழாக்கினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். வளவனூருக்கும் கண்டமங்கலத்துக்கும் சேகர் போய்ப் படித்துவிட்டான். அண்ணன், சேகர் படிக்கக்கூடாது என்றுவிட்டார். "எங்க வூட்டு சங்கதிய வெளி ஆளு படிச்சி நான் கேக்கணுமா?"

"அப்பா, நீங்களே படிச்சிடுங்களேன்" என்றாள் இனியா. "பேச வேண்டாம். படிச்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. சமையலறை மேஜையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். அண்ணி போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். திரையில் மின்விசிறியும் சுவரும் தெரிந்தன. ஒரு ஓரத்தில் அண்ணனின் காதும் நரைத்த கிருதாவும். நான் தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி இருந்தது என்று வசந்தி பிறகு சொன்னாள்.

வயலைப் பற்றிய பகுதி போயிற்று. ஓரிடத்தில், அண்ணி, "அது கரெக்டுதான்" என்றார். லாட்ஜ் வந்தது. அண்ணன் சொன்னதைப் படித்தேன். அவர் காது அசையவில்லை. அடுத்த பத்தி, நான் இனியாவிடம் சொன்னது. "'இளைய சகோதரர், தங்கள் குழந்தைக்கு மூச்சுத்திணறல் இருந்ததாலேயே மருத்துவர் சொற்படி நகரில் அறை எடுத்ததாகக் கூறுகிறார்.'"

"இரு."

நின்றேன். திரையில் காது திரும்பி, பாதி முகம் வந்தது. நான் நினைத்துவைத்திருந்த முகம் இல்லை அது. கன்னம் ஒட்டியிருந்தது.

"கொழந்தைக்கு மூச்சு இழுத்துச்சா?"

யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. இனியாவைப் பார்த்தேன். அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தி அடுப்பை அணைத்தாள்.

"ம்" என்றேன். "வந்த அன்னிக்கே. டாக்டராண்ட போனோம்."

"எனக்குச் சொல்லல?"

"அண்ணியாண்ட சொன்னேன்."

மின்விசிறி ஆடியது. அண்ணி போனைத் தன் பக்கம் திருப்பினார். "எங்காண்ட எங்க தம்பி சொன்ன? ஒடம்பு சரியில்லன்னு சொல்லியிருந்தா நானு சும்மா உட்டிருப்பனா? கஷாயம் வெச்சிக் குடுத்திருக்கமாட்டேன்?"

"சொன்னேன் அண்ணி. பின்கட்டுல, பாத்திரம் அலம்பிக்கினு இருந்தீங்க."

"கருமாதிக் கூட்டத்துல நானு எங்க பாத்திரம் அலம்புனேன்? அதுக்கு ஆளு போட்டிருந்தோம்."

அப்போது வசந்தி எனக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, நான் சொல்லிடறேன்னு சொன்னேன்ல?"

"சொன்னியா?"

"சொல்லிடறேன்னு உங்ககிட்ட சொன்னேன். அக்காகிட்ட சொன்னேனான்னு ஞாபகம் இல்ல."

நான் அண்ணியிடம் பேசியதாக இத்தனை வருடமாகக் கண்முன் தெரிகிற காட்சி, பாத்திரம், நுரை, அண்ணியின் ஈரக்கை, அது எல்லாம் எங்கிருந்து வந்தது? வேறு ஒரு வருடத்துக் காட்சியா? நானே செய்துகொண்டதா? அப்படியென்றால் வெள்ளையடித்த மாடி அறை? பத்திரிகையில் இல்லாத பெயர்? இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப இழுக்குதா?" என்றார் அண்ணன்.

இனியா தலை நிமிர்ந்தாள். "இல்ல பெரியப்பா. இப்ப இல்ல."

"எங்க வூட்ல நாலு நாளு இருந்தியே, அப்ப?"

"இல்ல. நல்லா இருந்துச்சு."

"சரி" என்றார். பிறகு, "மேல படி."

படித்தேன். குரல் சில இடத்தில் தடுக்கியது. முடிந்ததும் அண்ணன், "எல்லாம் போடட்டும். நானு சொன்னத மாத்தவேணாம். சொன்னது சொன்னதுதான்" என்றார். போன் அணைந்தது.

இனியாவுக்கு ஒரு சங்கடம் மிச்சம். "சகோதரர்கள் இருவரும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொள்வதில்லை" என்று முதல் இயலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அது இன்னும் சரியா, மாற்றவேண்டுமா? என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பேராசிரியையைக் கேட்டாள். ஆய்வுக் காலத்தில் என்று சேர்த்துவிடு, போதும் என்றாராம்.

டிசம்பரில் முடிவு வந்தது. முதல் வகுப்பு. தேர்வாளர் ஒருவர், ஆய்வாளரின் தந்தை இந்த ஆய்வேட்டில் தேவைக்கு மேல் தென்படுகிறார் என்று குறிப்பு எழுதியிருந்தார். வசந்தி அதைப் படித்துவிட்டு, வீட்டிலும் அப்படித்தான் என்றாள்.

இந்தப் பொங்கலன்று ஒரு அழைப்பு வந்தது. அண்ணியின் எண். வாழ்த்துச் சொன்னார். மழை அதிகம், மல்லாட்டை முளைப்பு சரியில்லை என்றார். பிறகு, "தம்பி, அண்ணன் பக்கத்துல குந்திக்கினுகிறாரு. குடுக்கட்டுமா?" என்றார். குடுங்க என்றேன். கை மாறும் சத்தம் கேட்டது.

"அங்க இப்ப இன்னா மணி?"

"சாயங்காலம் ஆச்சு."

"இங்க இப்பத்தான் பொங்க வெச்சோம்."

"ம்."

"வெயிலா அங்க?"

"வெயில்தான். இப்ப இங்க கோடை."

"தையில வெயிலா?" என்றார். நம்பவில்லை போலிருந்தது. அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. வைக்கவும் இல்லை. அங்கே யாரோ ஒரு குழந்தை, செல்வியின் மகளாக இருக்கலாம், கரும்பு வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தது. அதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அண்ணியே வாங்கி வைத்தார்.

இனியா வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது, அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மணி கேட்டார், வெயிலைக் கேட்டார், அவ்வளவுதான். இதைப் பேச்சு என்று வைத்துக்கொள்வதா, கண்டமங்கலத்து அக்கா டிக்கெட் எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்வதா?

அவள் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? என் ஆய்வு முடிஞ்சுபோச்சு."